மாங்கரே கரையில் தூங்கியவர்கள்

அன்று கரையில் இருந்தவர்கள்: ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் இராசநாயகம், அவர் மனைவி யோகராணி, மருத்துவமனையில் நர்ஸாக இருந்த மீனாட்சி, அந்த வருடம்தான் வீடு வாங்கியிருந்த கோதண்டராமன், அவன் மனைவி தாரிணி, யாருடையது என்று தெரியாத ஒரு பழுப்பு நாய், ஈஸ்ட் டாமாக்கியில் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே அங்கே வந்திருந்த ஜனார்த்தன். செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை காலை, அலாஸ்காவிலிருந்து வந்த முதல் பட்டைவால் மூக்கன் பறவைக் கூட்டம் ஆக்லாந்தின் மாங்கரே பிரிட்ஜ் கரைச் சேற்றில் கால் வைத்ததும், ஜனார்த்தனைத் தவிர மற்ற அனைவரும் இருந்த இடத்திலேயே தூங்கிவிட்டார்கள். நாயும் தூங்கியது.

தூங்கிய விதம் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. யோகராணி ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. இராசநாயகம் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி நின்றுகொண்டே தூங்கினார். கோதண்டராமன் வட்டி விகிதத்தைப் பற்றி ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்காமல் சாய்ந்தான், தாரிணி அவன்மேல் சாய்ந்தாள். ஜனார்த்தன் முதலில், இவர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தான். பிறகு, செத்துவிட்டார்கள் என்று நினைத்தான். யோகராணியின் குறட்டை கேட்டதும் இரண்டும் இல்லை என்று தெரிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பறவை பார்க்கிறவர்கள் கடல் ஏறும் நேரத்தில்தான் கரைக்கு வருவார்கள். சேறு மூழ்க மூழ்கத் தண்ணீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும், பக்கத்தில் பார்க்கலாம். இவர்கள் இன்னும் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டுச் சிப்பித் திட்டு வரைக்கும் இறங்கிப் போயிருந்தார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஜனார்த்தன் சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்வெளியில் போட்டான். கிடங்கில் இரவு முழுக்க உறைந்த ஆட்டுக்கறிப் பெட்டிகளைத் தூக்குகிறவன் என்பதால் முறை தெரிந்திருந்தது: முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே. நாயைக் கடைசியாகக் கொண்டுவந்தான். பிறகு செருப்புகளுக்காகவும் தொலைநோக்கிக்காகவும் இன்னொரு முறை போனபோது தண்ணீர் அவன் தொடையளவு இருந்தது.

கடல் ஏறி, நின்று, மறுபடி இறங்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் விழித்தார்கள். முகங்கள் கழுவித் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தன. யோகராணிக்கு முதுகுவலி போயிருந்தது. இரட்டை ஷிஃப்ட் பார்த்துப் பார்த்து எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டிருந்த மீனாட்சி, காரணமே இல்லாமல் சிரித்தாள்.

"தம்பி, நீர் நித்திரை கொள்ளேல்லையோ?" என்று இராசநாயகம் கேட்டார்.

"இல்லீங்க."

"ஏன்?"

"வரல."

"இஞ்சாருங்கோ, எங்கட சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் பிள்ளை," என்றாள் யோகராணி.

"உங்க வீட்டுக்காரரைத் தூக்கினதுக்கு அது லேசுங்க."

"நான் அவ்வளவு பாரமில்லை," என்றார் இராசநாயகம்.

"தூக்கினவர் சொல்லுறார். தூங்கினவர் என்னத்தைக் கதைக்கிறது?"

இராசநாயகத்துக்கு டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். காரணமில்லாமல் நடப்பது மூளை கெட்டவன் செய்கிற வேலை என்று அவர் கருதியதால் ஒரு தொலைநோக்கி வாங்கி, பறவை பார்க்கும் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார். குழுவில் பாதிப் பேர் யோகராணி பொரித்துக் கொண்டுவரும் ரோல்ஸுக்காக வந்தவர்கள். ஆனால் அவர் நிறையப் படித்திருந்தார். இங்கே குவாக்கா என்று அழைக்கப்படும் இந்தப் பறவை, பசிபிக் கடலின் மேலே எட்டு ஒன்பது நாள் எங்கும் இறங்காமல், தின்னாமல், குடிக்காமல் பறந்து வருகிறது என்றும், கிளம்புமுன் குடலைச் சுருக்கிக்கொள்கிறது என்றும் சொன்னார். "டியூட்டிக்கு முன்னால நானும் அப்படித்தான்," என்றான் ஜனார்த்தன். அத்தனை நாள் தூங்காத தூக்கம் எங்கே போகும், அதைப் பின்னால் இழுத்துக்கொண்டுதான் பறக்கும், இறக்கையை மடித்ததும் அது பொத்தென்று விழும், பக்கத்தில் நிற்பவர்மேல்தான் விழும் என்பது இராசநாயகத்தின் கணிப்பு. யாரும் மறுக்கவில்லை. உள்ளூர்க் கடற்காகங்கள் தூங்காமல் கத்திக்கொண்டிருந்ததே அதற்குப் போதுமான சான்றாக இருந்தது.

ஜனார்த்தன் திண்டிவனத்திலிருந்து டிப்ளமா படிக்க வந்தவன். இரண்டாவது செமஸ்டரில், வகுப்பில் சொல்லித்தருவது எதுவும் தனக்குத் தேவைப்படாது என்று முடிவு செய்து நிறுத்திவிட்டான். கிடங்கு வேலையும் அதை வைத்து விசாவும் கிடைத்தன. பாபடோயிட்டோய் புறநகரில் ஃபிஜி இந்தியரான ராஜ்குமாரியின் வீட்டுக்குப் பின்னால், கராஜை ஒட்டிய தனி அறையில் குடியிருந்தான். இரவு வேலைக்குப் போன முதல் வருடக் குளிர்காலத்தில் அவனுக்குத் தூக்கம் நின்றுபோனது. குறைந்தது என்று சொல்வது தவறு, நின்றே போனது. காலையில் வந்து, தடித்த திரையை இழுத்துவிட்டு, கசகசாப் பால் குடித்து, மாத்திரை போட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். மவுண்ட் ரோஸ்கில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். வீட்டுக்குப் போய்க் கூரையைப் பார்ப்பதற்குப் பதிலாகக் கடலைப் பார்க்கலாம் என்றுதான் அவன் கரைக்கு வர ஆரம்பித்தான். பறவைகள்மேல் அவனுக்குத் தனிப் பிரியம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் அங்கே வசந்தம் பிறப்பதற்குள் செய்தி பரவிவிட்டது. காலிஃபிளவர் விலை தாறுமாறாக ஏறிய வருடம் அது. மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்தும் பாபடோயிட்டோயிலிருந்தும் பாய், தலையணை, மடக்கு நாற்காலியோடு வேன் வேனாக வந்தார்கள்: நர்ஸுகள், ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றுகிறவர்கள், அலுவலகம் துடைக்கிறவர்கள், இரட்டைக் குழந்தை பெற்றவர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருடக்கணக்காகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவர் ஒரே பாயைக் கொண்டுவந்திருந்தார்கள். ஜனார்த்தன் புல்வெளியின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டினான். "கயித்துக்குக் கீழ யாரும் படுக்கக் கூடாது. உங்களத் தூக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்ல," என்றான். வரவேற்புரை அவ்வளவுதான். பறவைகள் இறங்கின, எல்லோரும் தூங்கினார்கள். அவனும் அந்த முறை அவர்கள் நடுவே படுத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் மூச்சு ஆழமாவது கேட்டது. அவனுக்கு எதுவும் வரவில்லை. எழுந்து, உருண்டு கயிற்றைத் தாண்டப் போன பிள்ளைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மதியம் வரை காவல் நின்றான்.

விழித்தவர்களுக்கு அவனுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. தெரியாததால் சாப்பாடு கொடுத்தார்கள். இட்லி, இடியப்பம், ரொட்டி, பாயசம் என்று அவனுடைய சிறிய ஃபிரிட்ஜ் மூட முடியாமல் நின்றது. பேசாத சகோதரர்கள் ஆளுக்கொரு போர்வை கொடுத்தார்கள், இரண்டும் ஒரே நிறம். நன்றி சொன்னால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஆனால் எல்லாவற்றையும் சாப்பிட்டான். பாத்திரங்களைக் கழுவி, மறுவாரம் ஒவ்வொரு வீட்டிலும் திருப்பிக் கொடுத்தான்.

மூன்றாவது குளிர்காலத்தில் உடம்பு கணக்குக் கேட்டது. பேச ஆரம்பித்த விஷயத்தைப் பாதியில் மறந்தான். அம்மாவின் முகத்தை நினைத்தால் பக்கத்து வீட்டுக்காரியின் முகம் வந்தது. ஃபோர்க்லிஃப்டை நேராகக் கொண்டுபோய் அலமாரியில் மோதினான். இதயம் துடிக்க வேண்டிய மாதிரி துடிக்கவில்லை, இப்படியே போனால் அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனை வராந்தாவில் அவனைப் பார்த்துவிட்ட மீனாட்சி, பிடித்து உட்காரவைத்து விஷயத்தை வாயிலிருந்து பிடுங்கினாள். பிறகு, இவனை வீட்டில் கவனிக்க யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கப் பாபடோயிட்டோய்க்குக் காரை ஓட்டினாள்.

ராஜ்குமாரிக்கு இந்தியும் ஆங்கிலமும் சரளம். தமிழில் அவள் தாத்தா விட்டுப்போன சில சொற்கள் மட்டும் இருந்தன, அவற்றை வீணாக்காமல் பயன்படுத்துவாள். மீனாட்சி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தூக்கம் வருமே," என்றாள்.

"வரலையாம் ஆன்ட்டி. ரெண்டு வருஷமா வரலையாம்."

"வரும். நான் பார்த்திருக்கு. இங்கே உட்காரும்." அறைக் கதவுக்கு முன்னாலிருந்த படியைக் காட்டினாள்.

விஷயம் இதுதான். அவன் இரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில், தினமும் இரவு அவனுடைய தூக்கம் அறைக்கு வந்துகொண்டிருந்தது. முழங்கால் உயரம், நனைந்த சாம்பல் நிறம், ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும். கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துப் படியில் உட்காரும். கொடியில் துணி எடுக்க வரும் ராஜ்குமாரி, வந்தவரிடம் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று, "ஆள் இல்லே, டூட்டி," என்பாள். அது எழுந்து போய்விடும். சில மாதம் கழித்து வருவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தது, இரண்டும் செப்டம்பரில், சனிக்கிழமை பகலில். முன்பைவிட மெலிந்து, மேலெல்லாம் உப்புப் பூத்திருந்தது. அன்றும் அவன் இல்லை. கடற்கரைக்குப் போயிருந்தான். அன்றும் அவள் அதையேதான் சொன்னாள்.

மீனாட்சி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இராசநாயகத்துக்குப் போன் போட்டு, அவருடைய கணிப்பில் ஒரு திருத்தம் உண்டு என்றாள். கரையில் விழுவது பறவைகளின் தூக்கம் அல்ல. சவுத் ஆக்லாந்தில் இரவு வேலைக்குப் போகிறவர்கள், இரவில் கண்விழித்துக் கடனை யோசிக்கிறவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவர்கள், இவர்கள் எல்லோருடைய தூக்கமும் வீட்டுக்கு வந்து ஆள் கிடைக்காமல் திரும்புகிறது. போக்கிடம் இல்லாமல், மார்ச் மாதம் கிளம்பும் பறவைகளோடு சேர்ந்துகொள்கிறது. செப்டம்பரில் அவற்றோடு திரும்பி வருகிறது. தனக்கு உரியவர் கரையில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. ஜனார்த்தனின் தூக்கத்துக்கு மட்டும் கரை தெரியாது. அதற்குத் தெரிந்தது அந்தக் கதவுதான்.

"ஓம். பிழை என்னிலதான்," என்றார் இராசநாயகம். "இந்த முறை அந்தப் பிள்ளை கரைக்கு வரப்படாது."

அவன் வராவிட்டால் அவர்களைத் தண்ணீரிலிருந்து யார் காப்பது என்ற கேள்வி எழுந்தது. அதற்கு ஒரே பதில்தான்: யாரும் போகக் கூடாது. அந்த வசந்தத்தின் தூக்கத்தை ஊரே விட்டுக்கொடுக்க வேண்டும். பலருக்கு அது எளிதாக இல்லை. "வருஷத்துல ஒரு நாள்தான் ஒழுங்காத் தூங்குறேன், அதையும் விடணுமா?" என்றான் கோதண்டராமன்.

"அன்னைக்கு உன்னத் தூக்கினது யாரு? நானா?" என்றாள் தாரிணி. அவன் போய் ஏணியை எடுத்துவந்தான். இரண்டு பாயும் ஒரு தலையணையும் கராஜ் பரணுக்குப் போயின. மற்ற வீடுகளிலும் ஏறக்குறைய இதே பேச்சு நடந்து, இதே மாதிரி முடிந்தது.

ஜனார்த்தனிடம் சொன்னபோது, எனக்காக யாரும் எதையும் விட வேண்டாம் என்றான். யோகராணி ரோல்ஸ் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, "உம்மட்ட ஆரும் கேக்கேல்லை, சாப்பிடும்," என்றாள். அவன் சாப்பிட்டான். கிடங்கில் சேர்ந்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு, செப்டம்பர் பிறந்ததும் அறைக்குள் உட்கார்ந்தான்.

இராசநாயகம் தினமும் காரைக் கரைக்கு எட்ட, சாலையோரம் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தொலைநோக்கியோடு இருந்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு காலை, வடக்கே வானத்தில் ஒரு கோடு தெரிந்து, வளைந்து, கீழே வந்தது. மனைவியைப் போனில் கூப்பிட்டார். "வந்திட்டினம்," என்றார். பறவைகள் சேற்றில் இறங்கி, அலகை முழுதாகச் செருகித் தின்னத் தொடங்கின. கரையில் யாரும் இல்லாததால், உடன் வந்த தூக்கங்கள் சற்றுத் திகைத்து நின்றுவிட்டு, அவரவர் வீட்டைத் தேடிக் கிளம்பின. மீனாட்சியுடையது மவுண்ட் ரோஸ்கில் பஸ்ஸில் ஏறியதை ஓட்டுநர் பார்த்தார். அது பஸ் கார்டைத் தட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று மாலை வீட்டில் இருந்த எல்லோரும் அவரவர் கட்டிலிலேயே நன்றாகத் தூங்கினார்கள். கரைக்குப் போயிருக்கவே தேவையில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜனார்த்தனின் தூக்கம் நடந்துதான் வந்தது. டெய்ரி என்கிற மூலைக்கடையைத் தாண்டி, பெரிய சாலையில் லாரிகளுக்கு வழிவிட்டு நின்று, கேட்டுக்குள் நுழைந்தது. முன்பைவிட இன்னும் மெலிந்திருந்தது. வழக்கமான படியில் உட்கார்ந்து, வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தது. ராஜ்குமாரி துணிக்கூடையைக் கீழே வைத்தாள்.

"ஆள் இருக்கு," என்றாள்.

அது நம்பவில்லை. அவள் போய்க் கதவை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உள்ளே ஜனார்த்தன் கட்டில் விளிம்பில், வேலைக்குப் போடும் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். பழக்கத்தில் மாட்டியிருந்தான். அதைப் பார்த்ததும் குனிந்து பூட்ஸைக் கழற்றினான், நேரமெடுத்தது.

"ஆன்ட்டி, வெளிய பூட்டிடுங்க. இல்லன்னா பொழுது சாஞ்சா எந்திரிச்சு வேலைக்குப் போயிடுவேன்." பூட்ஸைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க," என்றான்.

"என்ன சொல்ல?"

அவன் யோசித்தான். "சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னு."

சுவரோரம் நகர்ந்து கட்டிலில் பாதி இடம் விட்டான். தூக்கம் படியேறி உள்ளே போனது. ராஜ்குமாரி கதவைச் சாத்தி, சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டினாள்.