பன்னிரண்டாவது கண்ணாடி

முன் சக்கரம் திரும்புகிறது, வண்டி திரும்பவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எனக்கு இதே தலைவலி. ரிமோட்டில் வளைத்தால் முன் சக்கரங்கள் இரண்டும் பணிவாக வளையும். வண்டி மட்டும் நேராகப் போய் வரப்பில் முட்டி மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். எங்கள் முதலாளி நரேஷும் இப்படித்தான். எது சொன்னாலும் தலையாட்டுவார், போகிற பக்கம்தான் போவார்.

எனக்கு வீடு தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில். விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்குப் போய், நரேஷின் கடையில் ரிமோட் கார்களைப் பிரித்து மாட்டுவது என் வேலை. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை நீளத்துக்கு இருக்கும் பந்தய வண்டி, பக்கி என்போம், மண்ணில் ஓடுவதற்கென்றே செய்தது. ஒன்பது வருடமாக நான் டியூன் செய்த வண்டிகள் கோப்பை வாங்கிக்கொண்டிருக்கின்றன. ரிசல்ட் தாளில் ஓட்டியவர் பெயர் இருக்கும், கடையின் பெயர் இருக்கும். தாரா என்ற பெயர் எங்கும் இருக்காது, ஏனென்றால் ஸ்பேனர் பிடித்தவளுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. கோப்பையோடு எல்லோரும் நிற்கும் போட்டோவிலும் நான் இருக்கமாட்டேன். எடுப்பது நான்தான்.

இந்த ஆடியில் பெங்களூர் கிளப்காரர்கள் எங்கள் ஊரிலேயே ரேஸ் வைத்தார்கள். பாலகாட் பக்கம், சயனைட் மேட்டின் அடிவாரத்தில். தங்கத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மண் அது. நரேஷும் இதே ஊரில், ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் வளர்ந்தவர்தான், ஆனாலும் என்னிடம் பேசும்போது அது என் ஊர் மட்டும்தான்.

"உங்க ஊரு மண்ணு, தாரா. மொத ரேஸ நீயே ஓட்டு. ஜெயிச்சுட்டன்னா ரெண்டாவதும் நீதான், அடுத்த மாசம் கோயமுத்தூருக்கும் நீதான் டிரைவர்."

ரேஸ் மொத்தம் இரண்டு. கடையின் பேரில் பதிவு, ஒரு ரேஸுக்கு ஒருவர் ஓட்டலாம். நான் தோற்றால் இரண்டாவதைப் பிரதாப் ஓட்டுவான். பெங்களூரில் கல்லூரியில் படிக்கிற பையன். நல்ல பையன், வாய்க்கு வாய் அக்கா என்பான். அவனைத் திட்டக்கூட முடியாது என்பதுதான் எரிச்சல்.

அதனால்தான் மூன்று ஞாயிறும் விகாரையில் புத்த வந்தனைக்குக்கூடப் போகாமல் மேட்டடியில் கிடந்தேன். மேட்டு மண் மேலே மைதா மாவு, கீழே கெட்டித் தரை. கடையில் விற்கிற டயரின் ரப்பர் முட்கள் மாவில் நீந்துமே தவிர தரையைத் தொடாது. நகவெட்டியை எடுத்து முன் டயர்களில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை முட்களை வெட்டி எறிந்தேன். மிச்சமிருந்தவை மாவைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடித்தன. முன்பக்க ஸ்பிரிங்கை இளசாக மாற்றினேன். ஷாக் அப்சார்பரில் ஆயிலையும் தண்ணியாக்கினேன். இப்போது வேகத்தைக் குறைத்தால் பாரம் முன்னால் சாய்ந்து முன் டயர்களை அழுத்தியது. வளைவில் வண்டி திரும்ப எடுத்துக்கொள்ளும் வட்டம் பாதியாகக் குறைந்தது.

கடைசியாக ரிமோட். கை லேசாக நடுங்கினாலும் வண்டி நடுங்காமல் இருக்க, ஸ்டீரிங்கின் நடுப்பகுதியை மந்தமாக வைக்கும் ஒரு செட்டிங் அதில் உண்டு. அதை அடியோடு எடுத்துவிட்டேன். இனி மயிரிழை வளைத்தால் மயிரிழை திரும்பும். கொஞ்சமாவது வை என்று நரேஷ் சொன்னார். என் கை நடுங்காது என்று சொன்னேன். திமிராகத்தான் சொன்னேன்.

காற்றைப் பற்றியும் நான்தான் கிளப்காரர்களுக்குச் சொன்னேன். ஆடியில் மதியம் மூன்று மணிக்கு மேல் மேட்டிலிருந்து மண் கிளம்பும். எங்கள் ஊரில் யாராவது ஒருவர் "காத்து" என்று குரல் கொடுத்தால், அத்தனை பேரும் மேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கண்ணை மூடி, எட்டு எண்ணும் வரை மூச்சைப் பிடித்து நிற்போம். பள்ளிக்கூட மைதானத்தில், கல்யாணப் பந்தலில், சவ ஊர்வலத்தில்கூட அப்படித்தான். நடக்கப் பழகும் முன்பே இதைப் பழகிவிடுவோம். வெளியூர்க்காரர்கள் பாவம், கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்களே என்று, ஆண்டர்சன்பேட்டையில் பட்டறைக்காரர்கள் வாங்குகிற கடையில், பக்கமெல்லாம் மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி ஒரு டஜன் வாங்கினேன். ஓட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பதினொன்றை ஆளுக்கொன்றாக என் கையாலேயே கொடுத்தேன். பன்னிரண்டாவது என் பையிலேயே கிடந்தது. பிறந்ததிலிருந்து தின்ற மண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

ஊரே வந்திருந்தது. என் வீட்டுக்காரர் வேந்தன் வைட்ஃபீல்டில் லிஃப்ட் மெக்கானிக். லீவு போடாத மனுஷன், அன்றைக்கு ஞாயிறு ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டுக் கயிற்றை ஒட்டி முதல் ஆளாக நின்றார். ஓட்டுகிறவர்கள் நிற்கும் மேடையில் நான் ஒருத்திதான் பெண், ஒருத்திதான் உள்ளூர். பெயரைச் சொல்லி அறிவித்தபோது விசில் பறந்தது. மைக்கில் என் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. பிடித்திருந்தது, ரொம்பவே பிடித்திருந்தது.

பத்துச் சுற்று ரேஸ். மூன்றாவது சுற்றிலேயே முன்னால் வந்துவிட்டேன். மற்றவர்களின் வண்டிகள் வளைவில் மாவில் வழுக்கி அகலமாகப் போனபோது, என் மஞ்சள் பக்கி உள்பக்கமாக, கோடு போட்ட மாதிரி திரும்பியது. எட்டாவது சுற்றில் இரண்டாவது வண்டிக்கும் எனக்கும் அரைத் தடம் இடைவெளி. மிச்சம் இரண்டு சுற்று. கோயமுத்தூருக்கு என்ன புடவை கட்டுவது என்றுகூட யோசித்தேன், அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப்போயிருந்தது.

"காத்து" என்று ஒரு குரல் கேட்டது.

நான் திரும்பிவிட்டேன். யோசித்துத் திரும்பவில்லை. மேட்டுக்கு முதுகு, கண் மூடல், மூச்சு நிறுத்தம், எல்லாம் தானாக நடந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணவும் தொடங்கிவிட்டேன். மூன்றில்தான் கையில் ரிமோட் இருப்பது உறைத்தது. உடம்பு திரும்பியபோது விரலும் திரும்பியிருந்தது, விரலோடு ரிமோட்டின் ஸ்டீரிங் சக்கரமும். பழைய ஸ்டீரிங்காக இருந்திருந்தால் அந்த அசைவுக்கு வண்டி அசைந்தே கொடுத்திருக்காது. நான்தான் மயிரிழைக்கும் திரும்புகிற மாதிரி செய்து வைத்திருந்தேனே. அது சொன்ன பேச்சைக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது மஞ்சள் பக்கி வரப்புக்கு அந்தப் பக்கம் மல்லாந்து கிடந்தது. கண்ணாடி போட்ட பதினொரு பேரும் அசையாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் எட்டு எண்ணி முடித்துத் திரும்பினார்கள். கடைசியாக அவர்கள் பார்த்தபோது முன்னால் இருந்தது நான் அல்லவா? ஒரே கைதட்டல். முன்னால் போய்க்கொண்டிருந்த வேறு எவனோ ஒருவனுடைய மஞ்சள் வண்டியைப் பார்த்து வேந்தன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

வண்டியை நிமிர்த்திவிட்டார்கள். முடித்தேன். ஒன்பதாவது இடம்.

மேடையை விட்டு இறங்கியதும் வேந்தன் வந்தார். அதற்குள் அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. குரல் கொடுத்தது அவர்தானாம். என் கண்ணில் மண் விழக்கூடாதே என்று கத்தினாராம். அவர் மேல் கோபப்பட நாக்கு வரை வந்த வார்த்தையை விழுங்கினேன்.

நரேஷ் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வண்டியைக் கையில் எடுத்து, முன் டயர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரசித்தார்.

"டியூனிங்ல ஒரு குத்தம் சொல்ல முடியாது, தாரா. உனக்கு ஸ்பேனர்தான் செட் ஆவுது. ரிமோட்ட பிரதாப்புக்கு குடு."

பேட்டரியை மாற்றி, மண்ணை ஊதி, இரண்டாவது ரேஸுக்கு வண்டியைத் தயார் செய்தேன். அந்த ஐந்து நிமிடத்தில் எனக்கு வந்த யோசனையை மறைக்கப் போவதில்லை. முன்பக்க ஸ்க்ரூ ஒன்றை அரைத் திருகு தளர்த்தினால் போதும். வண்டி பழையபடி முட்டும். யாருக்கும் தெரியாது. ஸ்பேனர் ஸ்க்ரூவின் மேல் இருந்தது. முதல் ரேஸோடு விலகிய ஒருவரிடம் வாங்கிய கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பிரதாப் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, ஸ்டீரிங் ரொம்ப ஷார்ப்பா இருக்கு. கொஞ்சம் கம்மி பண்ணிக்கட்டா?"

"வாணாம். அப்பிடியே ஓட்டு. கண்ண மட்டும் எடுக்காத."

ஸ்க்ரூவை இறுக்கிக் கொடுத்தேன். நல்லவள் என்பதால் இல்லை. நான் டியூன் செய்த வண்டி திரும்பவில்லை என்று ஒருவன் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த முறை காற்று கடைசிச் சுற்றில் வந்தது. யாரோ குரல் கொடுத்தார்கள், ஊர் மொத்தமும் முதுகைக் காட்டியது. நான் திரும்பவில்லை. பையில் கண்ணாடி இருந்தது, அதையும் எடுக்கவில்லை. என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரம். மண் முகத்தில் அறைந்தது, கண்ணில் மிளகாய்ப் பொடி தூவின மாதிரி எரிந்தது. ஆனால் திறந்தே வைத்திருந்தேன். அந்தப் புழுதிமூட்டத்துக்குள் என் பக்கி கடைசி வளைவில் நுழைந்தது. முன் டயர்கள் தரையைக் கவ்வின. ஒரு சாண்கூட வழுக்கவில்லை. உள்பக்கமாகத் திரும்பி, முன்னால் போன வண்டியைத் தாண்டிக் கோட்டைக் கடந்தது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடியும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டு எண்ணிவிட்டு ஊர் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. வேந்தன் ஓடிவந்து என் முகத்தைப் பிடித்தார்.

"கண்ணுல மண்ணு பூந்துகிச்சா? இரு, ஊதறேன்."

"மண்ணு இல்ல. அழுதுக்கினு கீறேன்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

மேடையில் பிரதாப் கோப்பையோடு நின்றான். பக்கத்தில் நரேஷ், கிளப்காரர்கள். ஓட்டியவர்கள் எல்லோருடைய நெற்றியிலும் நான் வாங்கிக் கொடுத்த கண்ணாடி. நரேஷ் பழக்கதோஷத்தில் தன் போனை என்னிடம் நீட்டினார். வாங்கினேன். திரையில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. குத்துமதிப்பாக அமுக்கினேன்.

பிரதாப் இறங்கி வந்து போனை வாங்கிப் பார்த்தான். "அக்கா, ஆடிப்போச்சு. இன்னொண்ணு எடுங்க," என்றான்.

இன்னொன்று எடுத்தேன்.