உறையில் குத்திய ஊக்கு

லாண்டரியில் வேலை செய்கிறவர்களின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துணி வந்தாலும், எண் எழுதிய துண்டுத் துணி ஒன்றை அதன் ஓரத்தில் வைத்து ஊக்குக் குத்திவிடும். ஒருத்தர் சட்டை இன்னொருத்தருக்குப் போய்ச் சேர்ந்தால் முதலாளி சும்மா விடமாட்டார். அதனால் ஊக்குகளைச் சங்கிலி மாதிரி கோத்து இடுப்பில் மாட்டிக்கொண்டே திரிவார்கள். இஸ்திரிக்காரியும் அப்படித்தான். வீட்டில் தலையணை உறை தைத்தால்கூட அவள் கை சும்மா இருக்காது, மூலையில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டுத்தான் ஓயும்.

"ஏணி அண்ணனுக்கும் ஒரு நம்பர் போட்டு வெச்சிரு. தொலைஞ்சா தேடலாம்" என்பாள் பக்கத்து மேசைக்காரி. ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அவரு எங்க தொலையப் போறாரு? போட்ட எடத்துல கெடக்குறாரு" என்று இவளும் சிரிப்பாள். சிரித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஏணி என்றால் அவள் புருஷன். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைத் தூக்குகிற வேலை. ஆள் நெட்டை, பரண்மேல் இருப்பதை நின்ற இடத்திலிருந்தே எடுத்துவிடுவான் என்பதால் அந்தப் பெயர். ஒரு மாடிப்படியில் பீரோவோடு சேர்ந்து உருண்டதில் கழுத்தெலும்பு நொறுங்கிப்போனது. உயிர் மிஞ்சியது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்ததால் பேச்சு போனது. தோளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வலது கையில் கட்டை விரல் மட்டும் அசையும். ஏன் அது மட்டும் தப்பியது என்று டாக்டருக்கே தெரியவில்லை.

அந்த ஒரு விரலை வைத்துத்தான் குடும்பம் நடந்தது. படுக்கையில் அவன் கைக்குக் கீழே, பெரிய போன் மாதிரி ஒரு டேப் இருக்கும். திரையில் பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை அவளே தன் குரலில் பதிந்து வைத்திருந்தாள். தண்ணி. திருப்பிப் படுக்க வை. சளி. 'வா' என்ற கட்டத்தைத் தொட்டால் அவள் போனுக்கே மணி அடிக்கும். ரேடியோ சொல்லிக்கொடுத்து விளையாட்டாக ஒன்று பதிந்திருந்தாள்: 'போடி'. தினமும் காலையில் அவள் செருப்பை மாட்டும்போது அவன் அதைத் தொடுவான். அவள் குரலே அவளை விரட்டும். அதைக் கேட்காமல் அவளுக்கு வேலைக்குப் போகக் கால் வராது.

வந்த வினை சார்ஜ் வயரில் வந்தது. அவன் கை சில நேரம் தன்னால் வெட்டி இழுக்கும். இழுக்கிறபோதெல்லாம் வயர் பிடுங்கிக்கொண்டு வரும். அப்படிப் பிடுங்கிப் பிடுங்கி டேப்பில் வயர் சொருகும் வாய் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு நாள் மத்தியானமே டேப் அணைந்துபோய், அந்த நேரம் பார்த்துத் தலை தலையணையிலிருந்து சரிந்து, சாயங்காலம் அவள் வந்து பார்த்தபோது அவன் தொண்டைக் குழாய் மெத்தையில் அழுந்தி அடைத்து, முகம் நீலம் பாரித்துக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்பதை அவள் யோசிப்பதில்லை. யோசித்தால் கை கால் ஓடாது.

மறுநாளே டேப்பைத் தூக்கிக்கொண்டு செல்போன் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் வாயை மாற்றிப் போட்டார். "இதுல இனிமே வயரைச் சொருகிப் பிடுங்கினீங்கன்னா திரும்பவும் இதே கதைதான். வயரே இல்லாம சார்ஜ் ஏறுற மாதிரி பண்ணிடலாமா?"

"இது பழைய டேப் ஆச்சே. அதுக்கு அந்த வசதி கிடையாதே."

"இல்லாததுக்கு ஒட்டுறதுதான் இது." சீட்டுக்கட்டுச் சீட்டைப் போல மெல்லிய ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். உள்ளே செம்புக் கம்பி சுருள் சுருளாக ஓடியது. ஓரத்தில் நாக்கு மாதிரி ஒரு நாடா. நாக்கை டேப்பின் வாயில் கொடுத்து, தகட்டை முதுகில் ஒட்டினார். பிறகு ஒரு வட்டப் பலகையை மேசையில் வைத்து, அதன்மேல் டேப்பைச் சும்மா வைத்தார். திரையில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மேல மெல்லிசா ஒரு உறை போட்டுக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா ஒண்ணும்மா. பலகைக்கும் தகட்டுக்கும் நடுவுல இரும்பு எதுவும் இருக்கக் கூடாது. காசு, சாவி, கிளிப்பு எதுவும். பழுக்கக் காய்ஞ்சிடும். ஒசந்த பலகையா இருந்தா தானா நின்னுக்கும். இது மலிவு சரக்கு. நிக்கவும் நிக்கலாம், நிக்காமலும் போகலாம்."

"படுக்கையில எங்கருந்துங்க இரும்பு வரப்போவுது?" என்று அவள் சிரித்தபடி வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் சீக்கிரமே எழுந்து, யாரும் கேட்டு வராத ஒரு சட்டையின் கையை வெட்டி டேப்புக்கு உறை தைத்தாள். திரை தெரிய முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் மடிப்பு. பலகையை மெத்தைமேல் அவன் வலது கைக்குப் பக்கத்தில் வைத்து, டேப்பை அதன்மேல் படுக்க வைத்து, அவன் கட்டை விரலைத் தூக்கித் திரையில் வைத்தாள். சார்ஜ் ஏறியது. இழுக்க வயர் இல்லை, பிடுங்க ஒன்றும் இல்லை. அவள் செருப்பை மாட்டினாள்.

"போடி" என்றது டேப்.

பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாக வேலைக்குப் போனாள். எப்போதும் போனை ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பவள், அன்றைக்குப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டாள்.

"என்னடி, போனைக் கழட்டி வெச்சிட்டே? புருஷன் அலுத்துப் போயிட்டாரா?" என்றாள் ரேடியோ.

"அவருக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன். இனிமே என்னையெல்லாம் தேட மாட்டாரு."

நீராவி மெஷின் இரைந்தது. அவள் படுக்கை விரிப்புகளை முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் சட்டைகளுக்கு வந்தாள். ஒரு வெள்ளைச் சட்டை. காலர்மேல் பெட்டியை வைத்து அழுத்தி எடுத்ததும் பழுப்பாக ஒரு கோடு. காலருக்கு அடியில் யாரோ கழற்ற மறந்த ஊக்கு. பதறிப்போய் விரலால் அதைப் பிடித்தாள். சுரீர் என்றது. கையை உதறினாள்.

"நம்பரைக் கழட்டாம போட்டுட்டியா? போச்சு. இன்னிக்கு முதலாளி கச்சேரிதான்" என்றாள் ரேடியோ.

இவள் காதில் அது விழவில்லை. விரலில் ஊக்கின் வடிவம் சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள். காலையில் உறையின் மடிப்பு நிற்காமல் திறந்து திறந்து வந்தது. தைக்க நேரமில்லை. கை இடுப்புக்குப் போனது. ஒன்றைக் கழற்றி, நறுக்கென்று மடிப்பில் குத்தியது.

பின்பக்கத்தில். நடு முதுகில்.

பையை எட்டி எடுத்துப் போனைத் திறந்தாள். அவன் கூப்பிட்டிருக்கிறான். ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை நிறைய அவனுடைய அழைப்புகள். எல்லாம் காலையில் வந்தவை. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

திருப்பி அடித்தாள். இவள் அழைத்தால் டேப் தானாகவே எடுத்துக்கொள்ளும், அவன் முகம் தெரியும். இப்போது யாரோ ஒரு பெண்குரல், நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று பொறுமையாகச் சொன்னது.

"என்னாச்சுடி? மூஞ்சி ஏன் இப்படிப் போவுது?"

"ஊக்கு, அக்கா. ஊக்கைக் குத்திட்டேன். அவரு கைக்கு அடியில வெச்சிட்டு வந்துட்டேன்."

ரேடியோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பெட்டியின் சுவிட்சைப் போய் அணைத்தாள். "நீ போ. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பஸ் வந்தது, சிக்னலில் நின்றது, நகரவே இல்லை. இறங்கி ஓடினாள். யாரைக் கூப்பிடுவது? எதிர்வீடு பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும். மேல்வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போயிருப்பார். சாவி ஒன்றுதான், அதுவும் இவள் இடுப்பில். திருடனுக்குப் பயந்து அவளே பூட்டிய பூட்டு. உள்ளே தீப்பிடித்தாலும் யாரும் திறக்க முடியாது.

சூடு என்றால் என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள். துணி முதலில் மஞ்சளாகும். பிறகு பழுப்பு. பிறகு புகை ஒரு நூல் மாதிரி எழும்பும். அந்த நேரத்தில் பெட்டியைத் தூக்கிவிட்டால் பிழைத்தது. தூக்க ஒரு கை வேண்டும். அவன் கை சுட்டாலும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் இழுத்துக்கொள்ள முடியாது. தன் கை வேகிற வாடையை மூக்கால்தான் அறிய வேண்டும். அறிந்து என்ன செய்வான்? வா, வா, வா என்று அவளைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்டும் இருக்கிறான். அவள் போன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மாடிப்படியில் ஏறும்போதே கருகல் வாடை வந்தது. நின்றாள். மூச்சை இழுத்தாள். ஆமாம், துணி கருகிய வாடைதான். ஆனால் அது அவள் மேலிருந்தும் வரும். அவள் தலைமுடியில், சேலையில், தோலில் வருஷக்கணக்காக ஊறிப்போன வாடை அது. கதவிடுக்கில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். கதவிலிருந்து வருகிறதா, தன்னிடமிருந்து வருகிறதா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. உள்ளே சத்தமே இல்லை.

"என்னங்க" என்றாள். பதில் சொல்ல முடியாதவனைக் கூப்பிடுகிறோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

சாவி துவாரத்தில் நுழையவில்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு திறந்தாள்.

அறையில் புகை இல்லை. ஜன்னல் வெளிச்சம் எப்போதும் போலக் கட்டிலில் விழுந்திருந்தது. அவன் கண்கள் திறந்திருந்தன. அசையவில்லை. அவள் கிட்டே போய் முகத்தைத் தொட்டாள். அப்போதுதான் கண் அவள் பக்கம் திரும்பியது. கண்ணோரம் ஈரம் வழிந்து காதுவரை காய்ந்திருந்தது.

டேப் பலகைமேல் இல்லை. பலகையைத் தாண்டி, கட்டிலின் ஓரத்தில், விழுகிற நிலையில் நின்றது. திரை கறுப்பு. எடுத்துத் திருப்பினாள். உறையின் முதுகில் ஊக்கின் அளவுக்கு ஒரு பழுப்பு வடு, நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டைக்குள் ஊக்கு, நீலம் பாய்ந்து.

அவன் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை தப்பியிருந்தது. மணிக்கட்டின் பக்கவாட்டில் ஒரே ஒரு கொப்புளம். கட்டை விரல் நகம் பாதி பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. நகத்துக்குள் உறையின் நூல்.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. வாடை வந்ததும் கூப்பிட்டிருக்கிறான். அவள் வரவில்லை என்றானதும், அசைகிற அந்த ஒற்றை விரலின் நகத்தை உறையின் ஓரத்தில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக டேப்பைப் பலகையிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறான். விரலுக்கு எட்டாத இடத்துக்கு. அது சார்ஜ் தீர்ந்து அணைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறான். அதற்குப் பிறகு தலை சரிந்திருந்தால்? சளி அடைத்திருந்தால்? தீயில் போகாமல் இருக்கத் தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருக்கிறான்.

கொப்புளத்துக்கு மருந்து போட்டாள், நகத்தைத் துடைத்தாள், தொண்டைக் குழாயில் சளி எடுத்தாள். உறையைக் கிழித்து எறிந்தாள். தகட்டைத் தடவிப் பார்த்தாள், சுருள் அப்படியே இருந்தது. டேப்பை வெறும் முதுகோடு பலகைமேல் வைத்து, இரண்டுக்கும் இடையில் தன் விரல்நுனிகளை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தொடாமலே சூடு சொல்கிற விரல்கள். வெதுவெதுப்பு. அதற்குமேல் ஏறவில்லை. ஆனாலும் அவள் விரலை எடுக்கவில்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. கட்டங்கள் வந்தன. அவன் விரலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

'வா' என்றது அவள் குரல். அவள் போன் மடியில் அடித்தது.

"இங்கதாங்க இருக்கேன்."

'வா.'

"வந்துட்டேங்க. பாருங்க, பக்கத்துல இருக்கேன்."

'வா. வா. வா.' போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் ஒவ்வொரு தடவையும் எடுத்தாள். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்து, "வந்துட்டேன்" என்றாள்.

மறுநாள் காலை, இடுப்பில் இருந்த ஊக்குச் சங்கிலியை மொத்தமாகக் கழற்றி அடுப்படி டப்பாவில் போட்டு மூடினாள். படுக்கையை உள்ளங்கையால் தடவினாள், விரிப்பை உதறிப் போட்டாள், மறுபடியும் தடவினாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் அந்த வீட்டுக்காரியின் மாமியாரிடம், முந்தின நாள் சாயங்காலம் கடையில் வெட்டி வாங்கிய இன்னொரு சாவியைக் கொடுத்தாள். உள்தாழ் போட்ட அந்த வீட்டுக்குள் பகலில் ஒரு ஆள் இருந்தது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "மத்தியானம் ஒரு எட்டு எட்டிப் பாருங்கம்மா" என்றாள். போனை ஜாக்கெட்டுக்குள் சொருகினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

டேப் பேசவில்லை. துணி சுற்றிய கட்டை விரல் 'வா'வுக்கும் 'போடி'க்கும் நடுவில் நின்றது. அவன் அவளைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையை விட்டால் சோறு இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"வரட்டுமாங்க?"

கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். கீழ்ப்படிக்கு வந்தபோது மேலிருந்து அவள் குரல், அவளுடைய பழைய சிரிப்போடு, மெல்லிசாக வந்தது.

'போடி.'

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜாக்கெட்டுக்குள் போன் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையை எடுத்து மூக்கில் வைத்து, அந்தக் கருகல் வாடை தன்னிடமிருந்துதான் வருகிறது என்று நிச்சயப்படுத்திக்கொண்டு தெருவில் இறங்கினாள்.