இரண்டு புள்ளி மூன்று அங்குலம்

"வீட்டுல என் பந்தைப் பத்திப் பேச வேண்டாம்" என்று கேரட் சொன்னபோது, ரெனாட்டா அவன் தட்டில் இரண்டாவது பான்கேக்கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி. நீயா கேட்டா?"

"கேட்க மாட்டேன்."

"ஒருவேளை கேட்டா?"

"கேட்க மாட்டேன்னு சொல்றேன்ல. சிரப் எங்க இருக்கு?"

ஆறு வருடங்களுக்கு முந்தைய பேச்சு இது. அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வாரம். முந்தின நாள் ஆட்டத்தில் கேரட் நைஸ்ட்ரம் ஐந்து ரன் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வேறு மனைவியாக இருந்தால் தோளைத் தடவி, பரவாயில்லை என்று சொல்லியிருப்பாள். ரெனாட்டா, அவனுடைய பந்தின் சுழற்சி நிமிடத்துக்கு எண்பது சுற்று குறைந்திருக்கிறது என்று சொன்னாள். அவளுக்குத் தெரிந்த 'பரவாயில்லை' அதுதான். அவனுக்கு அது தெரியவில்லை.

ரெனாட்டா சொன்ன சொல்லை அப்படியே பதிந்துகொள்ளும் பெண். கேரட் சொன்ன சொல்லிலிருந்து இறங்காத ஆள். இப்படி இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் ஒரு விஷயம் ஆறு வருடம் அசையாமல் நிற்கும்.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில். அயோவாவில், வெல்டன் ஃபால்ஸ் ஹெரன்ஸ் என்ற சின்ன லீக் பேஸ்பால் அணியில். அவன் பந்து எறிந்தான். எறிந்ததை அவள் எண்ணினாள். வேகம், சுழற்சி, எவ்வளவு வளைந்தது, கையை விட்டுப் புறப்படும்போது எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று ஒவ்வொரு பந்துக்கும் கேமராக்கள் கொடுக்கும் எண்களைப் படித்துப் பொருள் சொல்வது அவள் வேலை. அணியில் பதினாறு எறிவீரர்கள். காலையில் பதினைந்து பேர் அவள் மேசையைச் சுற்றி நின்று, சூரியகாந்தி விதையை மென்று தோலைக் கோப்பையில் துப்பியபடி, தங்கள் எண்களைக் கேட்பார்கள். பதினாறாவது ஆள், வங்கியில் காசாளரைக் கடந்து போகிறவனைப் போல, "குட் மார்னிங்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

புதிதாக வந்த பையன்கள் இவர்களுக்குள் சண்டை என்று நினைத்தார்கள். சண்டையெல்லாம் இல்லை. அவள் அம்மாவின் இடுப்பு ஆபரேஷன், வரி, துணி உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். ஞாயிறுகளில் கைகோத்து நடந்தார்கள். இது ஒன்றைத்தான் பேசவில்லை.

முன்பெல்லாம் கேரட்டின் எண்களை இன்னொருவர் பார்த்துக்கொண்டார். இந்த வருடம் செலவைக் குறைக்கிறோம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். கேரட்டின் தாள் ரெனாட்டாவிடம் வந்தது. அலுவலகம் அவளிடம் ஒரு படிவம் கொடுத்தது. "உறவு" என்ற இடத்தில் "கணவர்" என்று எழுதினாள். இது உங்கள் வேலையைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தது. இல்லை என்பதில் டிக் போட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அவன் ஒரு தடவை கேட்க வேண்டும்.

ஏப்ரலில்தான் அவள் அந்த எண்ணைப் பார்த்தாள். குளிர்காலத்தில் தோள்வலி வந்ததால் கேரட் அந்த மாதம் ஆட்டத்தில் இறங்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் எறிவீரர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் வேலிபோட்ட இடத்தில் மட்டும் எறிந்துகொண்டிருந்தான். அங்கே வைத்திருந்த சிறிய கேமரா சொன்னபடி, போன வருடத்தைவிட இரண்டு புள்ளி மூன்று அங்குலம் தாழ்வாக அவன் கையிலிருந்து பந்து புறப்பட்டது. முப்பத்தைந்து வயது. தோள் சோர்ந்தால் கை இறங்கும். பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல இருந்தது.

அவனிடம் நேராகச் சொல்ல முடியாது, அவன் கேட்கவில்லை. எனவே எறிவீரர்களின் கோச் ஓர்வல் மீக்ஸிடம் போனாள். ஓர்வல் நாற்பது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். பந்தைப் பற்றி அவர் சொல்லும் இரண்டே வார்த்தைகள் "நல்லாருக்கு", "நல்லால்ல".

"ஏம்மா, ஒரே வீட்டுல படுத்து எந்திரிக்கிறீங்க. நடுவுல நான் தபால்காரனா?" என்றார்.

ஆனாலும் போய்ச் சொன்னார். என்ன சொன்னார், அவன் என்ன பதில் சொன்னான் என்று ரெனாட்டா கேட்டதற்கு, தலையை ஆட்டினான், அவ்வளவுதான் என்றார்.

மே மாதம் கேரட் ஆட்டத்தில் இறங்கினான். பயிற்சியில் அவன் கை சரியான உயரத்துக்கு வந்திருந்தது. ஆட்டத்திலோ போன வருடத்தைவிட உயர்ந்திருந்தது. நன்றாகப் பக்கவாட்டில் வளைந்துகொண்டிருந்த, ஸ்லைடர் என்ற அவனுடைய பந்து, இப்போது நேராக வந்து, அடியுங்கள் என்று கேட்டுக்கொண்டு நின்றது. எதிரணியினர் அடித்தார்கள். மே முழுக்க, ஜூன் முழுக்க அடித்தார்கள். பயிற்சியில் ஒழுங்காகச் செய்துவிட்டு ஆட்டத்தில் தன் இஷ்டத்துக்கு எறிகிறான், சொல்பேச்சு கேட்காத மனிதன் என்று ரெனாட்டா முடிவு கட்டினாள்.

ஜூலையில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை கூட்டம். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்று அங்கே முடிவாகும். முப்பத்தைந்து வயதில் விடுவிக்கப்பட்ட எறிவீரனை இன்னொரு அணி எடுக்காது. மினசோட்டாவில் கேரட்டின் அண்ணன் வான்கோழிப் பண்ணை வைத்திருந்தார். அங்கே தம்பிக்கு ஒரு வேலை இரண்டு வருடமாகக் காத்திருந்தது. வான்கோழிகளைப் பற்றிக் கேரட் ஒரு தடவைகூடத் தப்பாகப் பேசியதில்லை. அவற்றைப் பற்றிப் பேசியதே இல்லை.

வெள்ளிக்கிழமை ரெனாட்டா அறிக்கையை அனுப்பினாள். அதில் ஒரு கட்டம், "ஆலோசனையை ஏற்கும் தன்மை". பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். தன் கணவனுக்கு இரண்டு போட்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்த இறைச்சி கேசரோல் செய்தாள். என்ன விசேஷம் என்று அவன் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள்.

சனிக்கிழமை கேரட்டின் பயிற்சி எண்கள், ஆட்டத்தின் எண்கள் என்று இரண்டு பட்டியல்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மனசு உறுத்தியதால்தான் பார்த்தாள், வேலைக்காக அல்ல. பயிற்சியில் ஒரு உயரம், ஆட்டத்தில் ஒரு உயரம். இரண்டுக்கும் வித்தியாசம் மே முதல் வாரத்தில் இரண்டு புள்ளி மூன்று. ஜூன் நடுவில் இரண்டு புள்ளி மூன்று. போன செவ்வாயும் அதேதான். மனிதனுடைய கை இவ்வளவு துல்லியமாகத் தப்பு செய்யாது. பிடிவாதம்கூட ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். அசையாமல் இருப்பது மண்தான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு, மைதானத்தில் புல் வெட்டும் வண்டியைத் தவிர யாரும் இல்லாதபோது, நூல், ரசமட்டம், அளவு நாடாவுடன் அவள் வேலிக்குள் போனாள். அங்கே எறிவதற்கு இரண்டு மண்மேடுகள் உண்டு. வலது மேட்டில் எல்லாரும் எறிவார்கள். இடது மேடு கேரட்டுடையது. எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒன்பது வருடமாக அவன் அங்கே எறிகிறான், அதனால் வேறு யாரும் அதில் கால் வைக்க மாட்டார்கள். அணியின் மூத்த ஆளின் மேட்டில் ஏறுவது, அவருடைய பல்துலக்கியை எடுத்துப் பயன்படுத்துவது போல.

பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்தில் தரையோடு பதித்திருக்கும் வெள்ளைத் தட்டைவிட மேடு பத்து அங்குலம் உயரமாக இருக்க வேண்டும் என்பது விதி. வலது மேட்டை முதலில் அளந்தாள். பத்து. இடது மேட்டுக்கு வந்து முளையை அடித்து நூலைக் கட்டியபோது வேலிக்கதவு திறந்தது.

கேரட் கையுறையுடன் வந்தான். மனைவி தன் மேட்டில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை.

"இந்த முனையைப் பிடி" என்றாள்.

பிடித்தான். எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு.

ஏழு புள்ளி ஏழு. இன்னொரு தடவை அளந்தாள். ஏழு புள்ளி ஏழுதான்.

"வசந்தத்துல இந்த மேட்டுக்குப் புது மண் போட்டாங்களா?"

"இல்ல. நான் அப்போ டாக்டர்கிட்ட இருந்தேன். நான் இல்லாம என் மேட்டைத் தொடக்கூடாதுன்னு விட்டுட்டாங்களாம். மரியாதை."

ரெனாட்டா அளவு நாடாவைச் சுருட்டினாள். சுருட்டி முடித்ததும் மறுபடி நீட்டிச் சுருட்டினாள்.

"கேரட், உன் கை இறங்கவே இல்ல. மண்தான் இறங்கியிருக்கு. கேமரா தட்டுலேர்ந்து அளக்குது. மேடு பள்ளமானா நீயும் பள்ளமாத் தெரிவ. ஏப்ரல்ல நான் அதை உன் கைன்னு நினைச்சேன். அதைத்தான் கோச்கிட்ட சொல்லி அனுப்பினேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ சொல்லி அனுப்பினதுன்னு. ஓர்வல் வந்து, தம்பி, உன் கை ரெண்டு புள்ளி மூணு அங்குலம் கீழ இருக்குன்னாரு. அந்த ஆளு வாயில நான் வந்த நாள்லேர்ந்து புள்ளிக் கணக்கே வந்ததில்ல." நூலின் முனையை அவன் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். "அதான் தூக்கினேன். கேமரா சரின்னு சொல்ற வரைக்கும் தூக்கிப் பழகினேன். வலிச்சுது. உன் கணக்காச்சே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

இரண்டு மாதத்துக்கும் மேல். அவள் சொன்னதை ஒருவன் இத்தனை நாளும் வலியோடு செய்திருக்கிறான். ஆட்டத்தின் மேடு சரியான உயரம், அங்கே தூக்கிய கையோடு எறிந்து அடி வாங்கியிருக்கிறான். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ரெனாட்டா அவனுடைய மேட்டின் வெள்ளை ரப்பர் பட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிட்டேன்" என்றாள். "சொன்னதைக் கேக்குற குணத்துக்கு உனக்கு ரெண்டு போட்டிருக்கேன்."

"பத்துக்கா?"

"பத்துக்கு."

கேரட் கொஞ்சம் யோசித்தான். "ரெண்டு எதுக்குக் கிடைச்சுது?"

"நேரத்துக்கு வர்றதுக்கு."

அவன் தலையை ஆட்டினான். நியாயமான மதிப்பெண் என்று நினைப்பவனைப் போல இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தப்பு தன்னுடையது, பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று எல்லாவற்றையும் எழுதி இன்றே அனுப்பிவிடுகிறேன், மேட்டை அளக்காமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன் என்றாள். அதனால் தன் வேலைக்கு ஏதாவது வந்தால் வரட்டும் என்றாள். அவர்கள் படிப்பார்களா என்று அவன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை படிக்க மாட்டார்கள், இன்றைக்கு ஆட்டத்தின் எண்களைத்தான் பார்ப்பார்கள் என்று உண்மையைச் சொன்னாள்.

ஆட்டம் இரண்டு மணிக்கு. பார்வையாளர் வரிசையில் ஆர்கன் வாசிப்பவர் வந்து ஒரு பாட்டின் முதல் நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். கேரட் நூலைக் கீழே வைத்தான். வலது மேட்டைப் பார்த்தான். ஒன்பது வருடத்தில் அதில் ஏறியதில்லை. போய் ஏறி நின்று, காலால் மண்ணைத் தட்டிப் பார்த்தான். பந்து இல்லாமல் மூன்று தடவை கையை வீசினான். மூன்றாவது வீச்சில் கை பழைய இடத்துக்கு இறங்கியதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

ரெனாட்டாவுக்குத் தெரிந்தது. ஒரு அங்குலம் இன்னும் மேலேதான் இருந்தது. ஆறு வருடப் பழக்கம் அவள் வாயை மூடிவைத்திருந்தது.

அவன் கையைத் தொங்கவிட்டு, தட்டைப் பார்த்தபடியே நின்றான். அங்கே யாரும் இல்லை. ஆர்கன் ஐந்தாவது தடவையாக ஆரம்பித்தது. அவன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டான்.

"ரென்" என்றான், அவள் பக்கம் திரும்பாமல். "என் பந்தைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குச் சொல்லேன். மொதல்ல இருந்து."