மித்யே எதைத் தின்பாள்?

கர்ஷியாகா கடைத்தெருவில் செவால் நடத்தும் பிராணிக் கடைக்கு இல்ஹான் அந்த வாரத்தில் நான்காவது தடவையாக வந்திருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் ஒரு பூனைத் தீனி டப்பாவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்து, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்துகளை முணுமுணுத்துப் படித்தார். பயணிகள் படகின் எஞ்சின் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேகூட எந்தக் காகிதத்தையும் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

"இந்தப் படிப்ப சின்ன வயசுல படிச்சிருந்தா இன்னைக்கு நீங்க பெரிய டாக்டரு அண்ணே," என்றாள் செவால்.

"சிரிக்காத. முன்னாடி கொட்டை எழுத்துல தானியம் இல்லைன்னு போட்டிருக்கான். பின்னாடி பாரு, கறிக்கு அடுத்தபடியா உருளைக்கிழங்கு மாவு. கோதுமைய எடுத்துட்டு கிழங்கப் போட்டா ஆச்சா? யார ஏமாத்தறான்?"

"மித்யேவ ஏமாத்த முடியாது. உங்களத்தான்." அவள் மேல் தட்டிலிருந்து மூன்று டப்பாக்களை இறக்கினாள். "முயல், வாத்து, சால்மன். மூணுலயும் முக்காவாசி கறிதான். ஒன்னொன்னா கொண்டுபோங்க. போன தடவை மாதிரி மொத்தமா வாங்கித் தெருப் பூனைங்களுக்கு விருந்து வைக்காதீங்க."

மித்யே அவர் மனைவி நெர்மினின் பூனை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும் வழியில், சிப்பிக்குள் சோறு அடைத்து விற்கிறவனின் வண்டிக்கடியில் கிடந்த கறுப்புக் குட்டியை நெர்மின் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தாள். கறுப்பாகப் பளபளத்ததால் சிப்பி என்று அர்த்தம் வரும் மித்யே என்றே பேர் வைத்துவிட்டாள். தானியம் சேர்ந்த எதைத் தின்றாலும் அதற்குக் கழுத்தெல்லாம் அரித்துப் புண்ணாகும். உலர்ந்த தீனியும் ஆகாது. அதனால் ஈரத் தீனிதான், அதையும் நெர்மின் விரலால் தொட்டுக் கொடுத்தால்தான் தின்னும். இல்ஹான் அந்தப் பக்கமே போனதில்லை. நெர்மினுக்கு வயிற்றில் கட்டி வந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்த பிறகு, பூனை அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. பிறகு தட்டையே ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"நாய் மாதிரி இல்லீங்க இது," என்று பூனை டாக்டர் எச்சரித்திருந்தார். "மூணு நாள் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். எதையாவது உள்ள தள்ளுங்க."

அதே வாரத்தில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இன்னொரு டாக்டர் இல்ஹானைத் தனியாக நிறுத்திப் பேசினார். "இனிமே பத்தியமெல்லாம் வேணாம். அவங்களுக்கு எது பிடிக்குதோ அதக் குடுங்க." அதற்கு என்ன அர்த்தம் என்று இல்ஹானுக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வரும்வரை வாயைத் திறக்கவில்லை. வந்த பிறகும் திறக்கவில்லை.

நெர்மினுக்கு எதுவும் பிடிக்கவில்லை. எதை வாயில் வைத்தாலும் சாவிக்கொத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். அவள் தங்கை குல்செரென் தினமும் தயிர் சூப், பருப்பு சூப் என்று பாத்திரம் பாத்திரமாகத் தூக்கிவந்து, அப்படியே திருப்பி எடுத்துப்போனாள். டப்பாவின் மீன் வாடை உள்ளே வந்தால் நெர்மினுக்குக் குமட்டும் என்பதால் இல்ஹான் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரில் டப்பாவை உட்காரவைத்துச் சூடாக்கி, பூனையின் மீசை இடிக்காத அகலத் தட்டில் பரப்பி, முட்டி போட்டு, "வாடி தங்கம், ஒரே ஒரு வாய்," என்று கெஞ்சுவார்.

ஒருநாள் குல்செரென் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

"நல்லா இருக்கு அத்தான். பூனைக்கு வெந்நீர்ல சூடு, தட்டுல அலங்காரம். எங்கக்கா நேத்துலேருந்து நாலு ஸ்பூன் தயிர்தான் தின்னிருக்கா. அது உங்க கண்ணுல படலையா?"

"படுது."

"படுதாம்! அவகிட்ட உக்காந்து ஒரு வாய் ஊட்டுனீங்களா?"

இல்ஹான் தட்டைச் சுவரோரமாக நகர்த்தினார். நெர்மினுக்கு முன்னால் ஸ்பூனோடு உட்கார அவருக்குத் துணிவு வரவில்லை. அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்னும்போது, டாக்டர் சொன்னது முழுக்கத் தன் முகத்தில் எழுதியிருக்கும் என்று பயந்தார். பூனை வேண்டாம் என்றால் செவால் கடையில் இன்னொரு டப்பா இருந்தது. இதையெல்லாம் மச்சினியிடம் எப்படிச் சொல்வது?

முயல் டப்பாவைத் திறந்த அன்று மித்யே தட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். நாக்கு நுனியால் தொட்டாள். பிறகு தலையைக் கவிழ்த்தவள் நிமிரவேயில்லை. விழுதாக அரைத்த கறி முழுவதும் போன பிறகு தட்டை நக்கித் தள்ளிக்கொண்டே சுவர்வரை போனாள்.

"தின்னுட்டா! நெர்மின், முழுசா தின்னுட்டா!" வெறும் தட்டைத் தூக்கிக்கொண்டு இல்ஹான் உள்ளே ஓடினார்.

சோபாவில் சாய்ந்திருந்த நெர்மின் தட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "நீ இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது.

"உக்காரு. டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னார்?"

"ஒன்னுமில்ல. பத்தியம் வேணாம், உனக்கு எது பிடிக்குதோ..."

"இல்ஹான். முப்பது வருஷமா பிள்ளைங்க பொய் சொல்றதப் பாத்தவ நான். உனக்கு அதுங்க அளவுக்குக்கூட வராது."

அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு அவள் பாதங்களை மடியில் எடுத்துக்கொண்டார். கம்பளிக் காலுறைக்குள் பாதம் குழந்தையுடையது போல் இளைத்திருந்தது. கீழே தெருவில் கெவ்ரெக் ரொட்டி விற்கிறவன் கூவிக்கொண்டு போனான்.

"அப்ப அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"நீ மட்டும் தனியா தூக்கிச் சுமந்துட்டு இருந்தியா, மடையா." அவர் தலைமயிரைக் கோதினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் பேசுகிற குரலுக்கு வந்தாள். "நாளைக்கு செவால் கடைக்குப் போ. தானியம் சேராதது எத்தனை இருக்கோ எல்லாத்துலயும் ஒன்னு வாங்கிட்டு வா. ஒன்பது வருஷத்துல அவளுக்கு ஒருவேளை சோறு வச்சதில்ல நீ. உன்ன நம்பி அவள விட்டுட்டுப் போக முடியாது."

"வாடைக்கு உனக்குக் குமட்டுமே."

"எலுமிச்சைக் கொலோன் சென்ட் எதுக்கு இருக்கு?"

அதற்குப் பிறகு எட்டு நாள், மூக்கில் கொலோன் நனைத்த கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு நெர்மின் சோபாவில் உட்கார்ந்திருக்க, இல்ஹான் தட்டுத் தட்டாக வைத்தார். அவள் ஒரு நோட்டில் மார்க் போட்டாள். முயலுக்குப் பத்துக்கு ஒன்பது. வாத்துக்கு ஏழு. குழம்பில் மிதக்கும் துண்டு என்றால் மித்யே குழம்பை மட்டும் நக்கிவிட்டுக் கறியை விட்டுவிடுவாள், அதற்கு மூன்று. சால்மனுக்கு முட்டை. ஜெல்லி போட்டதை மித்யே காலால் மண் தள்ளுவது போல் தள்ளினாள். அன்று நெர்மின் விலா வலிக்கச் சிரித்தாள்.

"தள்ளி நில்லு. அவ தலைக்கு மேல நின்னு முறைச்சா எப்படித் தொண்டையில இறங்கும்? என்கிட்டயும் இதத்தான் பண்றீங்க, நீயும் குல்செரெனும்."

அன்று மத்தியானம் இல்ஹான் ஆல்பக்காடாப் பழம் வேகவைத்த சர்க்கரைத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய், வளைகுடாவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். படகு ஒன்று எதிர்க்கரை அல்சன்ஜாக் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் கிண்ணத்தில் ஸ்பூன் படும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, ஆறுவரை எண்ணினார். அதற்கு மேல் எண்ண முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பிற்பகல், தங்கையின் கையைப் பிடித்தபடி நெர்மின் போய்ச்சேர்ந்தாள். மறுநாள் மசூதியில் தொழுகை முடித்து அடக்கம் செய்தார்கள். குல்செரென் வழக்கப்படி மாவை வறுத்து அல்வா கிண்டினாள். அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சோறும் கறியும், அரிசி அடைத்துச் சுருட்டிய திராட்சை இலையும் மேஜை கொள்ளாமல் கிடந்தன. இல்ஹானுக்கு எதுவும் இறங்கவில்லை.

மித்யே கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்பது மார்க் முயலை வைத்தார். வரவில்லை. வாத்தை வைத்தார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நோட்டில் இருந்ததையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்து, மூன்றாம் நாள் அவளைத் துண்டில் சுற்றிப் பூனை டாக்டரிடம் தூக்கிப் போனார். டாக்டர் ஊசியில்லாத குழலால் கஞ்சி மாதிரி ஒன்றை வாயோரத்தில் செலுத்தினார். "இதுக்கும் துக்கம் உண்டுங்க," என்றார்.

ஐந்தாம் நாள் காலை செவால் துக்கம் கேட்க வந்தாள். கையில் ஒரு டப்பா. "புதுசா வந்திருக்கு அண்ணே, வான்கோழி. பின்னாடி படிச்சுப் பாருங்க."

"நீ படிச்சா போதும்," என்றார் இல்ஹான்.

அவள் போன பிறகு, சூடுகூடப் பண்ணாமல், கைக்கு வந்த ஒரு தேநீர்த் தட்டில் கொட்டி அடுப்படியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மித்யே மெல்ல நடந்து வந்தாள். விலா எலும்பு தெரிந்தது. முகர்ந்தாள். தின்ன ஆரம்பித்தாள். அவசரமாக, மூச்சிரைக்க, தட்டு டைல்ஸில் கறகறக்கத் தின்றாள்.

இத்தனை நாள் இதற்குத்தான் தவம் கிடந்தார். ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் உள்ளே எதுவோ அறுந்தது.

"தின்னுட்டியா? அவ போயி அஞ்சு நாள்தான்டி ஆச்சு! அதுக்குள்ள உனக்குப் பசி வந்துடுச்சா?"

போட்ட கத்தலில் மித்யே தட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினாள். இல்ஹானுக்குத் தன் குரல் தனக்கே பயமாக இருந்தது. பின்னாலேயே போய், படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலுக்கடியில் கையை நீட்டினார். "தப்புடி, தப்பு. வா. தின்னு. நீயாவது தின்னு," என்று சொல்லிச் சொல்லி, அடக்கத்தன்று வராத அழுகையெல்லாம் அப்போது அழுதார்.

சாவி போட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்த குல்செரென் பார்த்தது கட்டிலுக்கு வெளியே நீட்டியிருந்த அவர் கால்களைத்தான். பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"மித்யே தின்னா," என்றார் உள்ளேயிருந்து. "நான் திட்டிட்டேன்."

குல்செரென் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளும் அழுதாள். பிறகு எழுந்துபோய், தரையில் சிதறியதைத் துடைத்து, டப்பாவில் மிச்சமிருந்ததைத் தட்டில் வழித்துப் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அடுப்பைப் பற்றவைத்து, கொண்டுவந்த பருப்பு சூப்பைச் சூடு பண்ணினாள்.

"வாங்க அத்தான். ஆறிடும்."

இருவரும் மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். சூப்பில் உப்பே இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை.