சம்மனசுக் குளத்தில் இழுத்த வலை

பன்னிரண்டு வருஷமாக நான் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்துக்குப் பூ வைப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை முறைப்பது, இதுதான் என் உத்தியோகம். ரெட்டியார்பாளையம் போகிற சாலையில் எங்கள் கோயில் சிறியது. அதன் மணியைவிட இந்தத் தனிஸ்லாஸின் குரல் பெரியது என்று சாமியாரே சொல்லியிருக்கிறார். அதைப் பாராட்டு என்றுதான் இன்றுவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோயிலுக்குப் பின்னால் சம்மனசுக் குளம், சம்மனசு என்றால் தேவதூதர். ஐம்பத்தெட்டாம் வருஷம் மே மாதத்தில் அதில் தண்ணீர் இருந்ததைக் கண்ணால் காண முடியாது, விசுவசிக்கத்தான் வேண்டும். மேலே ஆகாயத்தாமரை, அதற்கடியில் குப்பை, எல்லாவற்றுக்கும் மேலே கொசு.

ஒரு வெள்ளிக்கிழமை முனிசிபாலிட்டி ஓவர்சியர் காசிலிங்கம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார்.

"வர்ற வியாழக்கிழமை லாரியில மண்ணு வருது. கொளத்தத் தூத்துடப் போறோம்."

கரையில் கீரைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாமேரி எழுந்து நின்றாள். அந்தக் கீரைப் பாத்திதான் அவளுக்கு வீட்டுக்காரர், பிள்ளை, பென்ஷன் எல்லாம். வரப்போரம் ஒரு வரிசை சம்பங்கியும் வைத்திருந்தாள், அது பீடத்துக்கு.

"தூத்துட்டா எங் கீரைக்குத் தண்ணி?"

"கெணறு இல்லியா?"

"இருக்குது. அந்தத் தண்ணியில சோறாக்கினா உப்பு போட வேணாம். கீரைக்கு ஊத்துனா மூணாம் நாள் கருகிடும்."

"நான் பார்க்கிறது குளம் இல்லம்மா, குப்பைமேடு. புதன்கிழமை சாயங்காலம் வரேன். இதுக்குள்ள தண்ணின்னு ஒண்ணக் காட்டுங்க, தூத்தறத நிறுத்தறேன்" என்றார் அவர். முடியாது என்று தெரிந்தவர் பேசுகிற தாராளம்.

அவர் போனதும் ஸ்டெல்லாமேரி என் பக்கம் திரும்பினாள். "கோயில் குளத்துல யாருண்ணே மொதமொதல்ல கொட்ட ஆரம்பிச்சது?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம்கூட இல்லை, பேச்சை மாற்ற.

விஷயம் இதுதான். கோயிலில் மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது. கரைந்த மெழுகு, வாடிய மாலை, உடைந்த சுரூபச் சிலை, எதுவானாலும் எரிக்க வேண்டும் அல்லது புதைக்க வேண்டும். எரித்தால் எனக்கு இருமல் வரும். புதைக்கலாம் என்றால் குழி வெட்ட வேண்டும். மண்வெட்டிக்கும் எனக்கும் பிறந்ததிலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே முதல் வருஷமே ஒரு கூடையைக் குளத்தில் கவிழ்த்தேன். மரியாதைக் குறைவாக அல்ல, சிலுவை போட்டுக்கொண்டு.

கோயில்பிள்ளையே போடுகிறார் என்றால் அதுதான் இடம் என்று ஜனங்கள் முடிவு செய்தார்கள். எங்கள் கோயில் பங்குக்காரர்கள் அறுந்த செபமாலையைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தெரு இந்துக் குடும்பங்கள் மங்கிப்போன சாமி படங்களையும் பூசைப் பூவையும் கொண்டுவந்து, "ஒங்க சாமியோட எங்க சாமியும் இருக்கட்டும்" என்றார்கள். சாமிகளுக்குப் பிறகு தேங்காய் மட்டை வந்தது. மட்டைக்குப் பிறகு கால் உடைந்த நாற்காலி. பத்தாம் வருஷம் செத்த பெருச்சாளி.

காசிலிங்கம் சொன்ன வியாழக்கிழமைதான் ஆண்டவர் மோட்சத்துக்கு ஏறிய மோட்சாரோகணத் திருநாள். அதற்கு முந்தின திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எங்களுக்கு மன்றாட்டு நாள். சிலுவை முன்னே போக, அர்ச்சிஷ்டவர்களை, அதாவது புனிதர்களை, ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடும் பிரார்த்தனையைப் பாடிக்கொண்டு வயலையும் தண்ணீரையும் மந்திரித்து வருவோம். எங்கள் பங்கில் வயல் என்று இருப்பது ஸ்டெல்லாமேரியின் பாத்தி ஒன்றுதான். அதையும் குளத்தையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் காப்பிக்கு வந்துவிடுவது வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று அந்தோணியார். அவர் பின்னால் வருவார். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்.

"பன்னிரண்டு வருஷமா?"

"ஆமா சாமி."

"வாரம் ஒரு கூடை?"

"திருநாள் வாரம் ரெண்டு."

மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபத்தோடு அபராதம் முடியும் என்று எதிர்பார்த்தேன். "மூணு நாளும் பிரார்த்தனையக் குளத்துக்குள்ள நின்னு பாடு. கையில மண்வெட்டியோட" என்றார்.

மறுநாள் பிரசங்கத்தில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "நல்ல தண்ணி குடு ஆண்டவரேன்னு மூணு நாளு கேக்கப் போறோம். குடுத்த தண்ணிய மூடி வெச்சிட்டுக் கேக்க எனக்கு வெக்கமா இருக்குது. ஆளுக்கொரு கூடை கொண்டாங்க" என்றார்.

திங்கட்கிழமை முப்பது பேர் வந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன், தொடைவரை சேறு. "சாங்த்தா மரியா" என்று நான் எடுக்க, "ஓரா புரோ நோபிஸ்", எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று, கரையெல்லாம் லத்தீனில் பதில் சொன்னது. கையால் பிடுங்கிய தாமரை கையோடு மட்டும் வந்தது, வேர் வரவில்லை. உச்சி வெயிலுக்குள் ஒரு பாய் விரிக்கிற இடத்தைத்தான் சுத்தம் செய்திருந்தோம். ஸ்டெல்லாமேரி என் கூடையையும் சேர்த்துச் சுமந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

அப்போது வைத்திக்குப்பத்து வீராயி மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னாய்யா கோயில்காரரே, குளிக்கிறியா, பொதையிறியா?"

"பிரார்த்தனை பண்றோம் வீராயி."

"நல்லாப் பண்ணு. கையால புடுங்கினா அடுத்த தேருக்குத்தான் முடியும். இத வலை போட்டு இழுக்கணும்யா. வூட்ல ஒரு பழைய கரைவலை கெடக்குது."

செவ்வாய்க்கிழமை வலையும் வந்தது. வலையோடு வீராயியின் புருஷன் இருசப்பனும் நான்கு பேரும் வந்தார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வலையை விட்டு, இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்தோம்.

"ஒரே தம்முல இழுக்கணும்னா பாட்டு வோணும்" என்றான் இருசப்பன். "நாங்க ஏலேலோ போடுவோம். நீங்க ஏதோ பேரு பேரா சொல்றீங்களே, அதயே போடு."

அப்படித்தான் பிரார்த்தனை நடந்தது. நான் பெயரைச் சொல்வேன்; 'ஓரா புரோ' என்னும்போது எல்லோரும் குனிவார்கள், 'நோபிஸ்' என்னும்போது இழுப்பார்கள். பச்சைப் படுதா மாதிரி தாமரை வேரோடு கிளம்பியது. என் பாட்டுக்கு ஒரு காரியம் நடந்தது அதுதான் முதல் தடவை.

"சாங்த்தே பேத்ரே!" என்று பேதுருவைக் கூப்பிட்டேன்.

"அவரும் மீன்புடிக்கிறவருதான்" என்றாள் ஸ்டெல்லாமேரி.

"அப்பிடியா? அப்ப அவர ரெண்டு தரம் சொல்லு" என்றான் இருசப்பன்.

இரண்டு தரம் சொன்னேன். வலை திடீரென்று கனத்தது. கரைக்கு வந்து சேர்ந்தது தலையில்லாத அந்தோணியார்.

காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அவரிடம்தான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். தன்னையே கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தூசி தட்டும்போது என் கை பட்டு விழுந்தவர். ஸ்டெல்லாமேரியின் அம்மா சாகிறதற்கு முன் கோயிலுக்குக் கொடுத்த சுரூபம் அது. "பழுது பார்க்கக் காரைக்காலுக்கு அனுப்பியிருக்கேன்" என்று சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் அவர் திருநாளன்று அவள் கேட்பாள், காரைக்காலிலிருந்து வந்துவிட்டாரா என்று. வேலை நடக்கிறது என்பேன்.

அவள் சுரூபத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கயிறு பிடித்திருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"மொதமொதல்ல கொட்டுனது நான்தான் தங்கச்சி" என்றேன். "இவரையும் நான்தான் போட்டேன். குழி வெட்டச் சோம்பல்."

என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். அவ்வளவு சின்னதாக வந்தது.

அவள் அந்தோணியாரைத் தூக்கி, தாமரை விலகித் தெரிந்த தண்ணீரில் கழுவினாள். முந்தானையால் தோளைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். "காரைக்கால் வேலை அவ்வளவு நல்லா இல்லண்ணே. தலையவே உட்டுட்டாங்க" என்றாள். பிறகு, "நிக்காத. நாளைக்கு புதன்கிழமை. பேரச் சொல்லு."

சொன்னேன். கயிறு மறுபடி இறுகியது.

புதன்கிழமை பத்து மணிக்கே அர்ச்சிஷ்டவர்கள் தீர்ந்துபோனார்கள். "மறுபடி மொதல்லேர்ந்து புடி, அவங்களுக்கு இன்னா வேற வேலை?" என்றான் இருசப்பன். நான்கு சுற்று போனோம். வாரிய வண்டலை ஸ்டெல்லாமேரி பாத்தியில் கொட்டினாள். மந்திரித்த பொருளுக்கெல்லாம் கரையில் ஒரு குழி. வெட்டியது நான். சாமியார் செபம் சொல்லும்போது வீராயி பக்கத்துத் தெருச் சாமி படங்களையும் அதே குழியில் மெதுவாக இறக்கினாள். சாமியாருக்கு அந்த நேரம் பார்த்து மேற்குப் பக்கம் ஏதோ பார்க்க வேண்டியிருந்தது. மேலே மண்ணைத் தள்ளிப் பூவரசங் கொம்புகளை நட்டோம்.

சாயங்காலம் காசிலிங்கம் வந்தபோது குளத்தின் நடுவில் இருசப்பன் தோண்டிய இடத்தில் ஊற்று குமிழியிட்டுக்கொண்டிருந்தது. முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். அவர் கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினார்.

"உப்பு இல்லியே!"

"நாந்தான் சொன்னேனே" என்றாள் ஸ்டெல்லாமேரி. அவள் அதைச் சொல்லவே இல்லை. ஆனாலும் யாரும் மறுக்கவில்லை.

"ஆனா லாரிக்கு எழுதியாச்சு. நாளைக்கு மண்ணு வந்தே தீரும்" என்றார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, உடைந்து கிடந்த கீழண்டைக் கரையைக் காட்டினார். "மண்ணு வரும்னுதான் எழுதியிருக்குது. எங்க கொட்டறதுன்னு நான்தான் நின்னு சொல்லப் போறேன். கரை பலமாயிடும்."

"மெர்சி முசியே!" என்று நன்றியைக் கத்தினேன். சந்தோஷம் வந்தால் எனக்குப் பிரெஞ்சு வரும்.

"பிரெஞ்சுக்காரங்க போயி நாலு வருசம் ஆச்சுய்யா. அடுத்த மே மாசமும் வருவேன். தாமரை தெரிஞ்சா லாரி உள்ளதான் எறங்கும்."

"வாங்க. வலையும் இருக்குது, பேரும் இருக்குது" என்றாள் வீராயி.

வியாழக்கிழமை திருநாள் பூசையில் லாரிச் சத்தம் பிரசங்கத்தை அமுக்கியது. சாமியார் நிறுத்திவிட்டு, மண் கரையில் விழுகிற சத்தத்தை எல்லோரும் கேட்கட்டும் என்று சும்மா நின்றார். பீடத்தில் ஸ்டெல்லாமேரியின் சம்பங்கி. பக்கத்தில் தலையில்லாத அந்தோணியார். புதைக்க அவள் விடவில்லை.

சனிக்கிழமை அந்தச் சம்பங்கி வாடியிருந்தது. கூடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு பின்வாசலுக்கு வந்தேன். கால் தன் பழக்கத்தில் குளத்துப் பக்கம் திரும்பியது. வாசற்படியில் ஸ்டெல்லாமேரி நின்றுகொண்டிருந்தாள், கையில் மண்வெட்டியோடு.

"எங்கண்ணே, காரைக்காலுக்கா?"

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு பூவரசுப் பக்கம் போனேன்.