நான்காவது ஆணி

"குல்லா" என்றான் தர்ஷன், தேத்தண்ணியில் தோய்த்த ரொட்டியை வாயில் அடக்கிக்கொண்டே.

"அது பிள்ளைக் காம்பராவுல தொங்குது சாமி. கொரோனா போகட்டும், எடுத்துத் தர்றேன்." சண்முகவடிவு அவன் வாயைத் துடைத்தாள். தாழ்ப்பாள் இல்லாத லயத்து வீட்டுக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுக் கூடையோடு மலை ஏறினாள்.

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் சிறுசுகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக் காம்பரா. நோய் பரவும் என்று, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு அதைப் பூட்டினார். மலையில் வேலையை நிறுத்தவில்லை. அவள் புருஷன் ஊரடங்கில் கொழும்புக் கடையில் அடைபட்டுக் கிடந்தான்.

பத்து மணிக்குச் சங்கு ஊதினால் தாய்மார் இறங்கிவந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டுத் திரும்புவது தோட்டத்து வழக்கம். அன்றும் அவள் கூடையை இறக்கினாள்.

"எங்க போற?" என்றார் கண்டாக்கு.

"புள்ளைக்கு ஊட்டிட்டு ஓடியாந்திர்றேங்க."

"காம்பராதான் மூடியிருக்கே. அப்புறம் எதுக்குப் பத்து மணி? போனா அரைச் சம்பளந்தான்."

அவள் கூடையை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

மதியம் இறங்கியபோது கயிறு அவிழ்ந்து கிடந்தது. காம்பராவுக்குப் போகும் பாதையில், மழைநீர் ஓடும் கானுக்குள் தர்ஷன் மூச்சில்லாமல் கிடந்தான். குல்லாவைத் தேடிப் போயிருக்கிறான்.

மறுபடி காம்பரா திறந்தபோது ஆயம்மா வேலையை அவளே கேட்டு வாங்கினாள். துக்கம் ஆறும் என்று லயமே சந்தோஷப்பட்டது. கண்டாக்கின் மனைவி அப்போது ஏழு மாதம். அதைத்தான் சண்முகவடிவு மனதில் வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் அவள் காத்திருந்த நாள் வந்தது. கண்டாக்கு வீட்டில் பிள்ளை பார்த்தவளுக்குக் கொரோனா. மனைவி டயகமப் பள்ளிக்கூடத்து டீச்சர், லீவு கிடைக்கவில்லை. காலையில் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வடிவு, இன்னைக்கு மட்டும் இவளப் பாத்துக்க."

கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே பிள்ளைகளின் கூச்சல். அவள் வாசற்படியில் நின்றாள்.

"காம்பரா மூடியிருக்குங்க ஐயா."

அவர் சிரித்தார். "வெளையாடாத. தொறந்துதானே கெடக்கு."

"மூடியிருக்குங்க."

சிரிப்பு நின்றது. தன் மகளை உள்ளே விட்ட ராக்காயி கூடையை மாட்டியபடி, "மலைக்கே தூக்கிட்டு வாங்கய்யா. கொழுந்து எடுத்துப் பழகட்டும், அரைச் சம்பளம் போட்ருங்க" என்றாள்.

"தொரைகிட்ட சொன்னா ஒன் வேலை போயிரும், வடிவு."

"போகட்டுங்க. வேற எவளாவது பாத்துக்குவாளான்னு கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தார். ஒவ்வொருத்தியும் தலையைத் தேயிலைக்குள் கவிழ்த்துக்கொண்டாள். பத்து மணிச் சங்குக்குத் தாய்மார் இறங்கிப் போனார்கள். தூறலில், நடுமலையில், வீறிடும் பிள்ளையோடு அவர் மட்டும் நின்றார். சண்முகவடிவு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகை அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக அவள் வெட்கப்படவில்லை.

சாயந்திரம் பிள்ளைகள் போன பிறகு காம்பராவைக் கூட்டினாள். சுவரில் வரிசையாக ஆணிகள். நான்காவதில் மஞ்சள் குல்லா தொங்கியது.