ரோஸ் டைல்ஸ் பாத்ரூம் திறப்பு விழா

எங்கள் வீட்டு பாத்ரூமைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாமல் நான் யாரிடமும் பேசியதே கிடையாது. ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் உபைதுல்லா பணம் அனுப்பிக் கட்டியது. ரோஸ் டைல்ஸ், வெஸ்டர்ன் கோப்பை, ஷவர் என்று ஒரே தடபுடல். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். பார்க்க மட்டும்தான். அவர் லீவில் வந்து திறந்து வைக்கட்டும் என்று பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். அறிவு கெட்டவளுக்கு இடுப்பில் சாவி ஒரு கேடு! நாங்கள் போவது வழக்கம்போல கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் கரைக்கு. மூன்று வயது மகள் ஷமாவும் வெறுங்காலோடு அங்கேதான். பாத்ரூம் கதவை அவள் தொட்டால்கூட, "அத்தா வந்துதான் தொறக்கணும்" என்று கையில் ஒரு தட்டு வைப்பேன்.

பிள்ளை வெளுத்துக்கொண்டே வந்தாள். வயிறு மட்டும் முன்னே தள்ளியது. நான் ஊட்டும் நெய்ச்சோறு தொப்பை போடுகிறது என்று அதற்கும் பெருமைப்பட்டேன். பிறகு வயிற்றால் போக ஆரம்பித்தது. கண் குழிவிழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் துவண்டாள். யா அல்லாஹ் என்று ஒரத்தநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "வயித்துல பூச்சி நெறைய இருக்கும்மா. வெளிய போற எடத்துல வெறுங்காலோட நடந்தா வரும். இப்ப பேதியும் சேந்துக்கிச்சு. வீட்ல கக்கூஸ் இருக்கா?" என்றார்.

விடுவேனா? ரோஸ் டைல்ஸில் தொடங்கி ஷவர் வரை ஒப்பித்தேன்.

"புள்ள அதுலதானே போவுது?"

"இல்லங்க... அழுக்காயிடும்ல."

நான் சொன்னது எனக்கே அப்போதுதான் காதில் விழுந்தது. டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. குனிந்து ஷமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"புள்ள பொழச்சிடுமாங்க?"

"கொண்டாந்துட்டீங்கல்ல. பயப்படாதீங்க."

பிள்ளை தேறியதும் பூச்சி மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த வேகத்தில் பாத்ரூம் பூட்டைத் திறந்து, அவளை உள்ளே நடத்திப் போனேன். வயிறு இன்னும் சரியாகவில்லை. கோப்பைக்குப் போவதற்குள் ரோஸ் டைல்ஸ் முழுக்கப் போய்விட்டாள். தரையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், உதடு பிதுங்கியது.

"அத்தா இன்னும் வரலியேம்மா. நான் வாய்க்காலுக்கே போறேன்" என்றாள்.

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதேன்.